தென்னாப்பிரிக்காவில் புது ஆசிரியர்: சொந்த வாசிப்பைக் கைவிடாமல் தொழிலில் வளரும் வழி

ஆசிரியர் வேலையில் சேர்ந்த முதல் வருடம் நம்மில் பெரும்பாலோர் கைவிடுவது சொந்த வாசிப்பைத்தான். டர்பன் பக்கத்துப் பள்ளி என்றால் காலை ஏழரைக்கெல்லாம் உள்ளே இருக்க வேண்டும். பள்ளி விட்டதும் விளையாட்டுப் பொறுப்பு, கூட்டம், திருத்த வேண்டிய நோட்டுகள், காப்ஸ் என்னும் தேசியப் பாடத்திட்டத்தில் இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டிய பாடம், பெற்றோரின் வாட்ஸ்அப் செய்திகள். இதற்கு நடுவே கல்வித் துறை பயிலரங்கத்துக்கு அழைக்கிறது, ஆசிரியர்களைப் பதிவு செய்யும் கவுன்சில் தொழில் வளர்ச்சிப் புள்ளி கேட்கிறது. இதில் நாவல் படிக்க ஏது நேரம் என்று புத்தகத்தை அலமாரியில் ஏற்றிவிடுகிறோம்.

அப்படி ஏற்றி வைத்தவர்களுக்கும், இனி ஏற்றப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுப்பவர்கள், டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பிறந்து வளர்ந்து இப்போது முதல் வேலைக்குப் போகிறவர்கள், வார இறுதியில் கோயில் பாடசாலையில் தமிழ் சொல்லித்தருகிறவர்கள் என எல்லோரையும் மனத்தில் வைத்திருக்கிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். விருப்பத்துக்குப் படிப்பது நடந்துகொண்டிருந்தால் தொழில் வளர்ச்சியில் பெரும்பகுதி அதன் பின்னாலேயே வந்துவிடும். புள்ளிக்காகப் படிக்க ஆரம்பித்தால் வாசிப்பும் போய்விடும், வளர்ச்சியும் வராது. அதனால் கீழே சொல்லும் படிகளை வரிசை மாற்றாமல் செய்து பாருங்கள். புள்ளிக் கணக்கு ஆறாவது படியில்தான் வருகிறது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

உலக அளவில் நடக்கும் பிர்ல்ஸ் வாசிப்புத் தேர்வின் 2016ஆம் ஆண்டு முடிவுப்படி, தென்னாப்பிரிக்காவில் கிரேடு 4 பிள்ளைகளில் 78 விழுக்காட்டினரால் படித்ததன் பொருளைப் புரிந்துகொள்ள முடியவில்லை. 2021இல் அது 81 விழுக்காடாகிவிட்டது. கொரோனாக் காலத்துப் பள்ளி மூடல்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு. இப்படி வரும் பிள்ளைகள்தான் நாளைக்கு உங்கள் கிரேடு 7 வகுப்பில் உட்காருகிறார்கள். கணக்கு ஆசிரியராக இருந்தாலும் நீங்கள் சந்திக்கப் போகும் முதல் தடை வாசிப்பாகத்தான் இருக்கும். கேள்வியைப் படித்துப் புரிந்துகொண்டால்தானே கணக்கைப் போட முடியும்?

ஆசிரியர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆப்பிள்கேட் என்ற பெயருடைய இரு ஆய்வாளர்கள் 2004இல் ஆசிரியர் பயிற்சி மாணவர்களிடம் அவர்களுடைய வாசிப்பைப் பற்றி விசாரித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வாசிப்பில் ஆர்வமே இல்லை. தன்னிடம் இல்லாததைத் தன்னால் கொடுக்க முடியாது என்று பைபிளில் பேதுரு பிச்சைக்காரரிடம் சொல்வார். அதை வைத்து இந்த நிலைக்குப் பேதுரு விளைவு என்று அந்த ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள். நம் வீட்டுப் பாட்டிகள் இதையே சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று சொல்லிவிடுவார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இங்கிலாந்தில் தெரசா கிரெமின் குழுவினர் செய்த ஆய்வு. 1,200 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் விசாரித்ததில், பெரும்பாலானோர் தங்கள் விருப்பத்துக்கு நன்றாகவே படிக்கிறவர்கள் என்று தெரிந்தது. ஆனால் ஆறு கவிஞர்களின் பெயரை எழுதச் சொன்னபோது ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒரு பெயரைக்கூட எழுதவில்லை. பிள்ளைகளுக்கான எழுத்தாளர்களிலும் ஊரறிந்த சில பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. ஆசிரியர் வாசகராக இருந்தால் மட்டும் போதாது, அந்த வாசிப்பு வகுப்பறைக்குள் வர ஒரு பாதையும் வேண்டும். நான்காம் படி அந்தப் பாதையைப் பற்றியது. நேரமில்லாதவர்கள் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

முதல் படி: இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு வாரத்துக்கு உங்கள் கண்ணில் பட்டு நீங்கள் உண்மையில் படித்ததையெல்லாம் ஒரு தாளில் குறியுங்கள். செய்தித்தாள், கிரிக்கெட் அலசல், சமையல் குறிப்பு, தேவாரம், வார இதழ்த் தொடர், முகநூலில் நண்பர் எழுதிய நீண்ட பதிவு, எதுவானாலும் சரி. இலக்கியம்தான் வாசிப்பு என்று நினைத்து மற்றதை விட்டுவிடாதீர்கள். வாரக் கடைசியில் அந்தத் தாளைப் பார்த்தால் உங்கள் நாட்டம் எதில் என்று தெரியும். வீட்டு வரவுசெலவு பற்றி ஆசையாகப் படிக்கிறவரைக் கவிதையில் தொடங்கச் சொன்னால் ஒரு மாதம்கூடத் தாங்காது. நாட்டம் இருக்கும் இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: புத்தகம் கிடைக்கும் வழியைச் சரிசெய்யுங்கள்

இந்த நாட்டில் புத்தகம் விலை அதிகம். 15 விழுக்காடு வாட் வரி புத்தகத்துக்கும் உண்டு. புது ஆசிரியர் சம்பளத்தில் மாதம் இரண்டு புதுப் புத்தகம் வாங்குவதென்றால் வாடகையில்தான் கை வைக்க வேண்டும். அதனால் நூலக அட்டைதான் முதல் வேலை. டர்பன் மாநகரத்தின் எத்தெக்வினி நகராட்சிக்குச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் உட்படப் பல இடங்களில் கிளை நூலகங்கள் உள்ளன. அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கையோடு எடுத்துப்போங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு முகவரிச் சான்றுதான் இடைஞ்சல். வாடகை ஒப்பந்தம் போதுமா, வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்க வேண்டுமா என்று போனில் கேட்டுக்கொண்டு போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

கிளை நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் அரிதாகத்தான் கிடைக்கும். தமிழுக்கு இணையம்தான் துணை. மதுரைத் திட்டம் 1998இலிருந்து தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகக் கொடுத்துவருகிறது. சங்க இலக்கியத்திலிருந்து பாரதி, புதுமைப்பித்தன் வரை அங்கே இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் ஏராளமாக இருக்கின்றன. ஈழத்து எழுத்து வேண்டுமென்றால் நூலகம் என்ற பெயருள்ள இணையதளத்துக்குப் போங்கள். டேட்டா விலை உங்களுக்கே தெரியும். பள்ளியிலோ நூலகத்திலோ வைஃபை கிடைக்கும்போது நாலைந்து நூல்களைச் சேர்த்து இறக்கி போனில் வைத்துக்கொண்டால் மின்வெட்டு நாளிலும் கவலையில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால் அப்பளத்தோடும் பொடி வகைகளோடும் இரண்டு புத்தகத்துக்கும் பெட்டியில் இடம் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

மூன்றாம் படி: நேரத்தைப் பிடித்துவையுங்கள்

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். அதைத் தினமும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வதுதான் முக்கியம். இரவு படுக்கப்போகும் நேரத்தை நம்பாதீர்கள், அந்த நேரத்தைக் களைப்பு எடுத்துக்கொண்டுவிடும். காலையில் பள்ளி மணி அடிப்பதற்கு முன்போ, இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் தேநீர் குடிக்கும்போதோ வைத்துக்கொள்ளலாம். ஸ்டாஃப் ரூமில் புத்தகத்தோடு உட்காருவதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. இரண்டு நாளில் யாராவது வந்து என்ன புத்தகம் என்று கேட்பார்கள். ஏழாம் படியில் சொல்லும் குழுவுக்கு ஆள் சேர்ப்பது அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பள்ளி ஆண்டுக்கு நான்கு டெர்ம். ஜூனிலும் நவம்பரிலும் தேர்வுத்தாள் மலையாகக் குவியும் நேரத்தில் பெரிய நாவலைத் தொடாதீர்கள். சிறுகதை, கவிதை, ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன புத்தகம், இவை அந்த மாதங்களுக்கு. ஏப்ரல், ஜூலை, டிசம்பர் விடுமுறைகள் தடித்த புத்தகங்களுக்கு. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடிவைக்கத் தயங்க வேண்டாம். முடித்தே தீர வேண்டும் என்று ஒரு சலிப்பான புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதமாக எதையுமே படிக்காமல் இருக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர்.

நான்காம் படி: உங்கள் பிள்ளைகள் படிக்கக்கூடியதை நீங்களும் படியுங்கள்

புது ஆசிரியர்களில் பெரும்பாலோர் செய்யாதது இதைத்தான். கிரேடு 5 ஆசிரியர் ஒருவர் மாதத்துக்கு பெரியவர்களுக்கான ஒரு நாவலும் இரண்டு சிறுவர் புத்தகமும் படித்தால், ஆண்டு முடிவில் வகுப்பிலுள்ள எந்தப் பிள்ளைக்கும் பொருத்தமாக ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுக்க அவரால் முடியும். நூலக அட்டையில் சிறுவர் புத்தகமும் எடுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வகுப்பில் இருப்பது யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். முன்பு இந்தியர் பள்ளிகளாக இருந்தவற்றில் இன்று சூலுவை வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளைகளே பெரும்பான்மையாக இருக்கும் வகுப்புகள் பல. தமிழ் ஆசிரியர் சூலுக் கதைகளைப் படிப்பது அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டும் மரியாதை, தனக்கே செய்துகொள்ளும் உதவியும்கூட. சூலு தெரியாதென்றால் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தைத் திறந்து ஒரே கதையை ஆங்கிலத்திலும் சூலுவிலும் எடுத்து அருகருகே வைத்துப் படியுங்கள். அங்குள்ள கதைகள் இலவசம், பகிரவும் அச்சிடவும் அனுமதி உண்டு. பக்கத்துக்கு ஒரு படமும் ஒன்றிரண்டு வரியும் உள்ள முதல் நிலைக் கதைகளில் தொடங்கினால் ஒரு டெர்மில் ஐம்பது அறுபது சொற்கள் வசமாகிவிடும். உச்சரிப்பை உங்கள் மாணவர்களிடமே கேளுங்கள். சரியாகச் சொல்லத் தெரியாத ஆசிரியரைத் திருத்துகிற வாய்ப்பு எந்தப் பிள்ளைக்கும் இனிக்கும், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு இன்னும் அதிகமாக. தமிழில் இதே போன்ற கதைகளுக்குப் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. நலிபாலி என்ற இயக்கமும் 2012இலிருந்து இந்த நாட்டின் பல மொழிகளில் சிறுவர் கதைகளைக் கொடுத்துவருகிறது. இன்பத்துக்காக வாசிப்பது என்பதையே அடிப்படையாக வைத்துத் தொடங்கிய இயக்கம் அது.

வகுப்புக்குள் கொண்டுவருவது எப்படி? வாரத்தில் ஒருநாள் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் நீங்கள் படித்ததிலிருந்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். கேள்வி கேட்க வேண்டாம், குறிப்பெடுக்கச் சொல்லவும் வேண்டாம். கதை முடியும் முன்னரே நிறுத்திவிட்டு, புத்தகம் நூலகத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியர் என்றால் கணித மேதைகளின் வாழ்க்கையிலிருந்து ஒரு பகுதியைப் படிக்கலாம். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்துகொண்டு 1913இல் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதிய கதையைப் படித்துக்காட்டினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

பிள்ளைகள் அமைதியாக வாசிக்கும் நேரம் உங்கள் பள்ளியில் இருந்தால், அந்த நேரத்தில் நோட்டுத் திருத்தாதீர்கள். நீங்களும் படியுங்கள். ஆசிரியர் சிவப்புப் பேனாவோடு குனிந்திருந்தால், வாசிப்பு தங்களுக்கு மட்டும் கொடுத்த வேலை என்றுதான் பிள்ளைகள் எண்ணுவார்கள்.

ஐந்தாம் படி: இந்த மண்ணைப் பற்றிப் படியுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது கட்டாயம். இங்கே பிறந்தவர்களிலும் பலருக்கு வீட்டில் கேட்ட கதைகளுக்கு மேல் தெரியாது.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பதிவேடு உண்டு. குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுதுலி ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். அந்தப் பதிவேட்டின் ஒரு வரியை ஆற அமரப் படித்துப் பாருங்கள். முதலில் குடியேற்ற எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம். கடைசியில் உடம்பிலுள்ள அடையாளம்: இடது புருவத்தின் மேல் தழும்பு, வலது முழங்காலில் மச்சம் என்பதுபோல. பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். ஆகவே ஒரே பெயர் பல விதமாக இருக்கும். இன்று டர்பனில் கோவிந்தர், பிள்ளை, நாயுடு, மூட்லி, செட்டி என்று வரும் குடும்பப் பெயர்கள் பலவற்றின் பழைய உருவம் அந்த வரிகளில் தென்படும்.

இதைச் சும்மா ஆர்வத்துக்குப் படிக்கலாம். உங்கள் குடும்பத்தின் எண் தெரிந்திருந்தால் இரண்டு மணி நேரம் போனதே தெரியாது. ஆனால் கிரேடு 8 வரலாற்றில் ஒப்பந்தக் கூலிகள் நேட்டாலுக்கு ஏன் கொண்டுவரப்பட்டார்கள் என்ற பாடம் இருக்கிறது. பாடநூலில் சில பத்திகளில் முடிந்துவிடும் அந்தப் பாடத்துக்கு, பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்துப்போய் பிள்ளைகளிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை வயதில் வந்தார்கள், தனியாக வந்த பெண்கள் எத்தனை பேர், ஒரே கிராமத்திலிருந்து சேர்ந்து வந்தவர்கள் யார் என்று பிள்ளைகளே கேட்கத் தொடங்குவார்கள். ஆளுக்கு எண் கொடுத்த வழக்கத்தைப் பார்த்துவிட்டு, நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டத்தின் கீழ் தங்கள் தாத்தா சுமந்த புத்தகத்தைப் பற்றி ஒரு சூலுப் பிள்ளை பேசத் தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆர்வத்துக்குப் படித்தது திங்கட்கிழமை பாடமாகிவிடுகிறது. எந்தப் பயிலரங்கமும் இதை உங்களுக்குத் தந்துவிடாது.

நம் ஆசிரியர்களின் வரலாற்றையும் படியுங்கள். இந்திய அரசின் முதல் முகவராக 1927இல் இங்கே வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் முன்நின்று பணம் திரட்டி எழுப்பிய சாஸ்திரி கல்லூரி 1929இல் திறந்தது. நேட்டால் இந்திய ஆசிரியர் சங்கம் 1925இலேயே அமைந்துவிட்டது. அரசு பள்ளி கட்டித் தராத காலத்தில் நம் சமூகமே காசு சேர்த்துப் பள்ளி கட்டியது. நீங்கள் வேலை பார்க்கும் பள்ளியின் முகப்புக் கல்லில் இருக்கும் பெயரைப் பற்றி விசாரித்தாலே ஒரு மாத வாசிப்புக்கு வழி கிடைக்கும்.

ஆறாம் படி: நோட்டும் புள்ளியும்

இப்போது கணக்குக்கு வருவோம். சேஸ் என்று எல்லோரும் சொல்லும் தென்னாப்பிரிக்கக் கல்வியாளர் கவுன்சிலில் பதிவு செய்யாமல் இங்கே பாடம் நடத்த முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே கவுன்சில்தான் தொடர் தொழில் வளர்ச்சித் திட்டத்தையும் நடத்துகிறது. மூன்று ஆண்டு ஒரு சுற்று, ஒரு சுற்றில் 150 புள்ளி. செயல்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆசிரியர் தானாகச் செய்வது முதல் வகை. பள்ளி ஏற்பாடு செய்வது இரண்டாம் வகை. கவுன்சில் அங்கீகரித்த வெளி நிறுவனங்கள் நடத்துவது மூன்றாம் வகை. இதைத் தவிர, பள்ளி நேரத்துக்கு வெளியே ஆண்டுக்கு 80 மணி நேரம் வரை தொழில் வளர்ச்சி நிகழ்ச்சிகளுக்கு வரச் சொல்லிக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கல்வி சார்ந்த நூல்களையும் இதழ்களையும் படிப்பது முதல் வகையில் வரும். நாவல் படித்ததை அங்கே எழுதாதீர்கள். சிலர் எழுதச் சொல்லுவார்கள், என் கருத்து வேறு. நாவல் உங்களுக்கு உரியது. அதற்கும் கணக்குக் கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அது இன்னொரு வேலையாகிவிடும். நாவலோ பதிவேடோ உங்களை ஒரு கேள்விக்குக் கொண்டுபோய், அந்தக் கேள்விக்காக நீங்கள் தொழில் சார்ந்து படித்து, வகுப்பில் செய்து பார்த்தால், அதை எழுதுங்கள்.

அதற்கு ஒரு சாதாரண நோட்டு போதும். பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள். இடப்பக்கம் படித்தது, வலப்பக்கம் வகுப்பில் அதனால் நடந்தது. வலப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும், இருக்கட்டும். பத்துப் புத்தகத்துக்கு ஒன்றிரண்டு வகுப்புக்குள் வந்தாலே பெரிது. ஒரு பதிவு எப்படி இருக்கலாம் என்று மாதிரிக்குக் காட்டுகிறேன்.

இடப்பக்கம்: "மே 2ஆம் வாரம். சூலு நாட்டுப்புறக் கதைகள், மூன்று படித்தேன். ஒரே வாக்கியம் பாட்டுப்போலத் திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு, திரும்பச் சொல்வது தொடக்க வாசகர்களுக்கு எப்படி உதவுகிறது என்று ஒரு கட்டுரை தேடிப் படித்தேன்."

வலப்பக்கம்: "கிரேடு 4. திரும்ப வரும் வரியைப் பலகையில் எழுதினேன். அந்த இடம் வரும்போதெல்லாம் வகுப்பு முழுவதும் சேர்ந்து படித்தது. தனியாகப் படிக்க மறுக்கும் நான்கு பேரும் அந்த வரியைப் படித்தார்கள். அடுத்த வாரம் வரியில் ஒரு சொல்லை மாற்றிப் பார்க்க வேண்டும்."

இதில் கடைசி வாக்கியம்தான் முக்கியம். அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு வரி இல்லாத பதிவு வெறும் நாட்குறிப்பு. அந்த வரி இருந்தால் அது தொழில் வளர்ச்சிக் கோப்பில் வைக்கத் தகுந்த சான்று. படித்த கட்டுரையின் தலைப்பு, தேதி, பிள்ளைகளின் வேலையில் ஒன்றிரண்டின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு உறையில் போட்டுவையுங்கள். எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி, எப்போது பதிய வேண்டும் என்பதைக் கவுன்சிலின் இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாஃப் ரூமில் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். அங்கே பழைய விதியும் புது விதியும் கலந்துதான் பேச்சு நடக்கும். டெர்ம் முடிவில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பதிந்துவிட்டால் மூன்றாம் ஆண்டுக் கடைசியில் பரபரக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: நாலு பேரைச் சேருங்கள்

பள்ளிகளில் ஆசிரியர்கள் சிறு குழுக்களாகக் கூடிக் கற்க வேண்டும் என்று அடிப்படைக் கல்வித் துறை 2015இல் வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. பல பள்ளிகளில் அந்தக் கூட்டம் அறிவிப்பு வாசிக்கும் கூட்டமாக நடந்து முடிகிறது. நீங்கள் புதியவர், அதை மாற்ற முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் நாலு பேர் கூடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆளுக்கு ஒரு புத்தகம் கொண்டுவர வேண்டும், எல்லோரும் ஒரே புத்தகம் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் தான் படித்ததைப் பற்றிப் பேசலாம். படிக்காமல் வந்தவரும் உட்காரலாம். மூத்த ஆசிரியர் ஒருவராவது இருக்கட்டும். முப்பது வருடம் பாடம் நடத்திய அக்கா ஒருவர் ஒரு நாவலிலுள்ள சிறுவனைப் பற்றிப் பேசிக்கொண்டே, அதே மாதிரி ஒரு பையன் தன் வகுப்பில் இருந்ததையும் அவனை எப்படிப் பேசவைத்தார் என்பதையும் சொல்லத் தொடங்குவார். அந்த அனுபவத்தை வேறெங்கும் நீங்கள் கேட்க முடியாது. புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டால், தன் வகுப்பில் உள்ள கஷ்டத்தைப் பேசக் கூச்சப்படுகிறவரும் பேசிவிடுவார். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் பிறகு சொல்லி, குழுவைப் பள்ளியின் ஏற்பாடாகப் பதிந்துகொண்டால் இரண்டாம் வகைச் செயலாகவும் காட்டலாம். அதற்கு வருகைப் பதிவும் பேசியதன் சுருக்கமும் தேவைப்படும், ஒருவர் எழுதிவைக்கட்டும்.

மார்ச் மாத நூலக வாரமும் செப்டம்பர் மாத தேசியப் புத்தக வாரமும் புதியவர்களை அழைக்க நல்ல சமயம். அந்த நாட்களில் பள்ளியே வாசிப்பைப் பற்றி ஏதாவது செய்தாக வேண்டும். நீங்கள் ஒரு யோசனையோடு போய் நின்றால் மறுக்க மாட்டார்கள்.

தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களுக்குத் தனியாக

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு மதித்துப் பேணச் சொல்லும் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது. 2014இல் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகள் அரசுப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக மீண்டும் இடம்பெற்றன. இருந்தாலும் தமிழ் கற்பிப்பதன் பெரும் பாரம் இன்றைக்கும் கோயில்களிலும் சபைகளிலும் மாலையிலும் வார இறுதியிலும் சொல்லித்தரும் தன்னார்வலர்கள் தோளில்தான். அவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், சரளமாகப் படிக்க வராது. அவர்களுக்குப் பெரிய இலக்கியத்தைப் பரிந்துரைப்பது நியாயமில்லை.

இப்படித் தொடங்கலாம். ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்த தேவாரத்தையோ திருப்புகழையோ தமிழ் எழுத்தில் அச்சிட்டு, பாடிக்கொண்டே விரலால் சொல்லைத் தொட்டுவாருங்கள். காதுக்குத் தெரிந்தது கண்ணுக்கும் பழகும். அது வசமானதும் ஸ்டோரிவீவரின் முதல் நிலைத் தமிழ்க் கதைகள், தினம் ஒன்று. மூன்றாவதாக இந்த மண்ணோடு தொடர்புள்ளவை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914இல் 16 வயதில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றித் தமிழில் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட எதையும் தேடிப் படியுங்கள். பாடசாலைப் பெண்பிள்ளைகள் தங்கள் வயதுக்காரி ஒருத்தியின் கதையாக அதைக் கேட்பார்கள். டர்பனில் 1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் இதழ் முதலில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. அதன் தமிழ்ப் பக்கங்கள் இரண்டைப் பார்க்கக் கிடைத்தால், நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய டர்பன் தமிழில் செய்தியும் விளம்பரமும் எப்படி எழுதினார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

சரளமாகப் படிப்பவர்கள் படிக்கத் தடுமாறும் பாடசாலை ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு முறை வாட்ஸ்அப் குரல்பதிவில் ஒரு பக்கம் படித்து அனுப்பினால் போதும். அவர் அதே பக்கத்தைத் தன் குரலில் படித்துத் திருப்பி அனுப்பட்டும். திருத்தம் சொல்வதாக இருந்தால் ஒரு முறைக்கு ஒரே ஒரு சொல்லைத் திருத்துங்கள், மற்றதைக் கதையைப் பற்றிப் பேசுங்கள்.

நூலக அட்டையை மட்டும் ஜனவரியில் பள்ளி திறப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பல கிளைகள் சனிக்கிழமை அரை நாள்தான் திறந்திருக்கும். டெர்ம் தொடங்கி விளையாட்டுப் போட்டிகளும் வந்துவிட்டால் அந்த அரை நாளுக்குள் போய்ச் சேருவது கடினம்.